‘பரிவு நரம்பு’: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

உடலியல் நூல்களில் ‘பரிவு நரம்பு மண்டலம்’ என வழங்கும் சொல்லை முதன்முதல் கேட்கும் மாணவன், அஃது அன்பும் இரக்கமும் பிறத்தற்கு நிலைக்களனாகிய நரம்பு போலும் என்று கருதுதல் இயல்பே. அந்நரம்பின் தொழிலோ வேறு. அச்சம் வந்துற்றவழி நெஞ்சத் துடிப்பை விரைவிப்பதும், கண்ணின் பாவையை அகலச் செய்வதும், மயிரைச் சிலிர்க்கச் செய்வதும், குடலின் இயக்கத்தைத் தணிப்பதும் அதன் வினைகள். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இத்துணைத் தொலைவு நேர்ந்தது எங்ஙனம் என ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம். இச்சொல்லை அடியாகக் கொண்டு பிறந்த வேறு சில சொற்கள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வெவ்வேறாக வழங்குதலின், இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை அன்று.

முதற்கண் ‘நரம்பு’ என்னும் சொல்லையே நோக்குவோம். யாழின் நரம்பு, உடலில் புடைத்தெழும் குருதிக் குழாய், தசையைப் பிணிக்கும் நாண் ஆகிய பலவற்றுக்கும் பண்டைத் தமிழர் இவ்வொரு சொல்லையே வழங்கினர். இன்றும் குருதிக் குழாயில் செலுத்தும் மருந்தை ‘நரம்பு ஊசி’ என்றே மக்கள் கூறுவர். கிரேக்கரின் ‘நியூரோன்’ என்னும் சொல்லும் தசைநாண், வில்நாண், யாழ்நரம்பு என்னும் பொருள்களில் வழங்கிப் பின்னரே இன்றைய பொருளில் ஒடுங்கியது. இரு சொற்கும் பிறப்புறவு உண்டென்று யாம் கூறவில்லை. பொருள் சென்ற நெறி ஒத்திருத்தல் மட்டும் கருதத்தக்கது.

இனிப் ‘பரிவு’ என்பது எதன் மொழிபெயர்ப்பு? மூலச்சொல் கிரேக்க மொழியின் ‘சிம்பாத்தெய்யா’. அதன் முற்பகுதி ‘உடன்’ எனப் பொருள்படும். பிற்பகுதியாகிய ‘பாத்தோசு’ ஒருவன் உறுவது, படுவது என்னும் பொருட்டு. நம் மொழியில் ‘படு’ என்னும் வினை முதனிலை திரிந்து ‘பாடு’ எனத் தொழிற்பெயராதல் யாவரும் அறிந்ததே. ஆகவே, கிரேக்கச் சொல்லை உறுப்புறுப்பாகப் பிரித்துத் தமிழாக்கின் கிடைப்பது ‘உடன்பாடு’. இது தற்செயலான ஒப்புமையேனும் வியப்பைத் தருவது. ஏனெனில், இலத்தீன் மருத்துவர் அக்கிரேக்கச் சொல்லைப் பெயர்த்த சொல்லும் உடன்பாடு என்னும் பொருளையே தருவது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகிய கேலன், ஓர் உறுப்பு நோயுற்றவழி அதனொடு தொடர்புடைய பிறிதோர் உறுப்பும் நோயுறுதலை இச்சொல்லாற் குறித்தார். வயிறு கெட்டபொழுது தலை நோதலும் கண்முன் பொய்த்தோற்றம் நிகழ்தலும் அவர் காட்டும் வகையின. எனவே, அவர் கருதியது மனிதர் ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் இரக்கம் அன்று. உறுப்புகள் தம்முட் கொள்ளும் உடன்பாடே.

அக்கொள்கை நரம்பின் பெயரானது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த வரலாறு. 1664இல் மூளையைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், விலாவெலும்புகளின் அருகே ஓடுதல் பற்றி இதனை ‘விலாவிடை நரம்பு’ என்றார். இது மூளையினின்று கீழிறங்கி வருவது என்பது அவர் கருத்து. பிரான்சு நாட்டு மருத்துவர் பூர்ஃபூர் து பெத்தி நாய்களின் கழுத்தில் இந்நரம்பினை அறுத்துப் பார்த்தார். கண்ணின் பாவை சுருங்கிற்று. மேலிருந்து கீழ் வரும் நரம்பாயின் அறுத்த இடத்திற்கு மேலுள்ள கண் கெடுதற்கு ஏது இல்லை; ஆகவே, இது கீழிருந்து தலைநோக்கி மேற்செல்வது என 1727இல் அவர் நிறுவினார். ஒரு கத்தியும் ஒரு நாயும் கொண்டு பழங்கருத்தொன்றை வீழ்த்திய இச்செயல் அக்காலத்து ஆய்வுகளுள் தலைசிறந்தது என்பது எம் கருத்து.

1732இல் பாரிசில் வாழ்ந்த வின்ஸ்லோ, உறுப்புகளுக்கிடையே உடன்பாட்டை விளைப்பது இதுவே எனக் கருதிப் ‘பெரிய உடன்பாட்டு நரம்பு’ எனப் பெயரிட்டார். பெரியது ஒன்று மட்டும் அன்று. நடுவணதும் சிறியதும் அவர் கணக்கில் உண்டு. இன்று அலையும் நரம்பு எனப்படுவது நடுவணது, முகநரம்பு சிறியது. ஆனால், ஓர் ஐம்பதாண்டுக்குள் அக்கொள்கை சரிந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் விட், நரம்பிணைப்பு இல்லாத உறுப்புகளிடையிலும் உடன்பாடு காணப்படுதலை எடுத்துக்காட்டி, அது மூளையும் தண்டுவடமும் வழியாகவே நிகழ்தல் வேண்டும் என 1760களில் வாதிட்டார். கொள்கை இறந்தது, பெயர் எஞ்சியது. 1850களின் தொடக்கத்தில் குளோது பெர்னார் முயலின் கழுத்தில் இந்நரம்பை அறுத்து, அப்பக்கத்துக் காது வெப்பமுறுதலைக் கண்டபொழுதும், 1915இல் வால்ட்டர் கேனன் பொருதற்கும் புறங்காட்டி ஓடுதற்கும் உடலை ஒருங்கே ஆயத்தம் செய்வது இது என விளக்கியபொழுதும், அப்பழம்பெயரே வழங்கிற்று.

தமிழில் மேனாட்டு மருத்துவக் கலைச்சொல்லாக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேரூன்றியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்பதும் உடலியலுக்குச் ‘சுகரணம்’ என்பதும் அவர் காலத்து வழக்குகள். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் தமிழில் வெளிவந்தது. வடசொற் சார்பு மிகுதி எனினும் அத்தொண்டின் பெருமை குன்றாது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் சொல்லாக்கம் தனித்தமிழ் நோக்கிச் சென்றது. அங்ஙனம் சென்றவிடத்து, ஆங்கிலத்தில் அன்றாடம் இரக்கம் என்னும் பொருளில் வழங்கும் சொல்லைக் கண்டு ‘பரிவு’ என்றனர். கேலனின் உடன்பாடு கைவிடப்பட்டது.

ஆயினும், ‘பரிவு’ என்பதை நீக்குக என்று யாம் கூறோம். இருநாட்டுப் பாடநூல்களிலும் அது நிலைபெற்றுவிட்டது. அன்றியும், ‘பரிதல்’ இரங்குதலை மட்டுமன்றி ஓடுதலையும் குறிக்கும். ‘பரி’ குதிரையின் செலவுக்கும் குதிரைக்கும் பெயர். கேனன் கூறும் ஓட்டத்திற்கு இஃது எதிர்பாராது பொருந்திற்று. சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணினர் என்பதற்குச் சான்று இல்லை. மாணவர்க்கு எடுத்துரைக்க இது பயன்படும்.

இடர்ப்பாடு துணைச்சொற்களில்தான் உள்ளது. கேம்பிரிட்ஜில் ஆய்ந்த லாங்லி, 1898இல் தன்னாட்சிப் பொருளுடைய பெயரொன்றை முழு மண்டலத்திற்கும், 1905இல் ‘பரிவின் அருகுள்ளது’ எனப் பொருள்படும் பெயரை அதன் மற்றொரு பிரிவுக்கும் ஆக்கினார். முன்னதனை ஈழத்தார் ‘தன்னாட்சி’ என்பர். தமிழ்நாட்டார் ‘தானியங்கு’ என்பர். தாம் படைத்த சொல் உள்ளதினும் மிகுதியான விடுதலையைக் காட்டுகின்றது என்று லாங்லியே ஒப்புக்கொண்டமையின், இதில் வழக்கிடுதல் வீண். பின்னதற்குத் தமிழ்நாட்டில் ‘எதிர்ப்பரிவு’, ‘இணைப்பரிவு’ எனவும், ஈழத்தில் ‘பரபரிவு’ எனவும் வழங்கக் காண்கின்றோம். ‘பரபரிவு’ மூலச்சொல்லின் ஒலியைத் தழுவியது. தமிழ்ச் செவிக்கோ பரபரப்பை நினைவூட்டும். உடலை அமைதிப்படுத்தும் நரம்புக்குப் பரபரப்பின் சாயல் பொருந்துமாறில்லை. ‘எதிர்ப்பரிவு’ என்பதோ பரிவின்மை, பகை எனப் பொருள்கொள்ள இடந்தரும். பொருளளவிலும் அது முற்றும் உண்மை அன்று. வியர்வைச் சுரப்பிகளுக்குப் பரிவு நரம்பு மட்டுமே உண்டு, எதிர்ப்பது ஒன்றும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகளையோ இரண்டும் தூண்டும். மெய்ப்பாட்டியல் உரைகாரர் சத்துவம் என ஒருங்கெண்ணும் மயிர் சிலிர்த்தலும் கண்ணீர் வார்தலுங்கூட அவ்வாறே. முன்னது பரிவு நரம்பின் வினை, பின்னது பெரும்பாலும் மற்றதன் வினை. ஓர் உணர்ச்சியில் இரண்டும் உடன் நிகழ்தலை உரைகாரர் கண்டிருந்தனர்.

ஆதலின், ‘இணைப்பரிவு’ என்பதே ஏற்புடைத்து என்பது எம் துணிபு. இதற்குப் புதிய ஏது ஒன்றும் உண்டு. இடுப்பின் அடியில் திரிக எலும்பின் வழி வெளிப்படும் நரம்புகளை லாங்லி இணைப்பரிவில் அடக்கினார். சுண்டெலிக் கருக்களில் அந்நரம்பணுக்களின் தோற்றத்தை ஆய்ந்தோர், அவை பரிவுப் பிரிவையே சார்ந்தன என 2016இல் வெளியிட்டனர், மறுப்போரும் உளர். அம்முடிவு நிலைபெறுமாயின், சிறுநீர்ப்பையைத் தேக்கச் செய்யும் நரம்பும் ஒழியச் செய்யும் நரம்பும் ஒரே பரிவு மண்டலத்தினவாகும். ‘எதிர்’ என்னும் அடைமொழி அப்பொழுது எதனை எதிர்ப்பது எனச் சொல்ல இயலாது. இடத்தை மட்டும் சுட்டும் ‘இணை’க்கு அத்தகைய இடையூறு இல்லை.