சென்னை – பலாலி: தூரமும் பயண நேரமும்

யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றராகும். இரண்டும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அண்மித்தே அமைந்துள்ளமையால் விமானம் வடக்குத் தெற்காகவே பறக்கின்றது. இப்பயணத்திற்கு நேர அட்டவணையில் ஒதுக்கப்படுவது ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம்.

சென்னைக்கும் கட்டுநாயக்கவிற்கும் இடைப்பட்ட தூரமோ ஏறத்தாழ 645 கிலோமீற்றர். ஆயினும் அதற்கான பயண நேரம் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. தூரம் ஏறத்தாழ இருமடங்காகியும் நேரம் அவ்வாறு அதிகரிக்காதது ஏன்? கட்டுநாயக்கவிற்கு வருவன பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஜெற் விமானங்கள். பலாலிக்கு வருவன ஏ.ரி.ஆர். 72 ரகச் சுழல்விசிறி விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அத்துடன், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்பது வரையிலான முழு நேரத்தையுமே அட்டவணை குறிக்கின்றது. குறுந்தூரப் பயணங்களில் இப்பகுதியே பெரிதாகி விடுகின்றது.

அட்டவணையை வாசிப்பதிலும் ஒருகாலத்தில் இடர்ப்பாடு இருந்தது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியாவின் கடிகாரத்தை விட முந்தியிருந்தமையால், போகும் பயணம் குறுகியதாகவும் வரும் பயணம் நீண்டதாகவும் தோன்றியது. இன்று இரு நாடுகளுக்கும் ஒரே நேரம்.

ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு உண்மையான பயண நேரம் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பமாகின்றது. பலாலியில் சேவை இல்லாத ஆண்டுகளில், சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் முதியவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே தரைவழியாக இரவு முழுவதும் பயணித்து, விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, மீண்டும் வடக்கு நோக்கிப் பறக்க நேர்ந்தது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு வரைந்தால் அது யாழ்ப்பாணத்தின் மேலாகவே செல்லும் என்பதைப் படத்தைப் பார்ப்போர் அறிவர்.

இத்தனைக்கும் இவ்வழி புதியதன்று. எயர் சிலோனின் முதற் பயணமே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்கு இடம்பெற்றதுதான். யுத்தத்தினால் பல தசாப்தங்கள் அறுந்திருந்த தொடர்பு, 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதை அடுத்து நவம்பரில் மீண்டது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடியும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் இவ்வழியில் இணைந்தது. 185 கிலோமீற்றர் தொலைவிலேயுள்ள திருச்சிராப்பள்ளிக்கான சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது.

பெரிய ஜெற் விமானங்கள் இறங்க வேண்டுமாயின் நீண்ட ஓடுபாதை வேண்டும். அங்கேதான் கணக்குச் சிக்கலாகின்றது. பலாலியைச் சூழவுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களது காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. பறப்பு நேரத்தில் கால் மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும் விரிவாக்கத்திற்கு எவரது வளவு எடுக்கப்படும் என்பதை, திட்டம் வரையப்படும் முன்னரே அம்மக்களுக்கு எழுத்தில் அறிவிப்பது உரியவர்களின் கடமையாகும்.