சர்க்கரையில் செய்த குருமா

பர்கர் வடிவிலான பிறந்தநாள் கேக்கை இன்று பலரும் பார்த்திருப்பர். ரொட்டியாகத் தோன்றும் இரு பகுதிகளும் வெண்ணிலா கேக். நடுவிலுள்ள இறைச்சி வட்டு சாக்லேட் கேக். பச்சை இலை, நிறமேற்றிய சர்க்கரை மாவு. வழியும் தக்காளிச் சாறு, சிவப்பு க்ரீம். மேலே தூவிய எள் மட்டுமே சில வேளைகளில் உண்மையான எள்ளாக இருக்கும். கார உணவின் தோற்றத்தில் இனிப்பைப் பரிமாறும் இவ்வழக்கத்தைச் சமூக ஊடகக் காலத்தின் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு முன்வரலாறு உண்டு. அது கேளிக்கையோடு நின்றுவிடவும் இல்லை.

உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர், தமது 'தில் குதாஸ்' இதழில் 1913 முதல் லக்னோவின் பழைய பண்பாட்டைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். பின்னர் 'குஸிஷ்தா லக்னோ' என்ற பெயரில் அறியப்பட்ட அத்தொடரில் ஒரு விருந்துக் கதை வருகிறது. அவத் அரசர் வாஜித் அலி ஷா, தில்லி முகலாய மரபைச் சேர்ந்த இளவரசர் மிர்சா ஆஸ்மான் கதரை விருந்துக்கு அழைக்கிறார். விருந்தில் வந்த முரப்பாவை இனிப்பென்று நம்பி வாயிலிட்ட இளவரசருக்கு, அது இறைச்சிக் குருமா என்று தெரியவருகிறது. சில நாள்களுக்குப் பின் இளவரசர் அரசரைத் தம் இல்லத்துக்கு அழைக்கிறார். புலாவ், கபாப், குழம்பு, ரொட்டி, ஊறுகாய் எனப் பரப்பிவைத்த எதைத் தொட்டாலும் சர்க்கரை. தட்டுகளும் சர்க்கரையே என்கிறார் ஷரர்.

இக்கதையை அப்படியே நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ள இயலாது. கிழக்கிந்தியக் கம்பெனி அவத்தைக் கைப்பற்றியது 1856-இல். ஷரர் பிறந்தது 1860-இல். அரசர் கல்கத்தாவில் நாடிழந்து வாழ்ந்த மட்டியாபுர்ஜில் தம் இளமையைக் கழித்தவர் அவர். கேட்டவற்றை ஏக்கத்தோடு எழுதியவர். எனினும் ஒரு சமூகம் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதற்கு இக்கதை நல்ல சான்று. பெருந்திரளுக்குச் சமைக்கும் பாவர்ச்சியையும், சிறிய அளவில் நுட்பமாகச் சமைக்கும் ரகாப்தாரையும் வேறு பிரித்து மதித்த நகரம் அது. உண்பவரை ஏமாற்றும் திறன் அங்கே தொழில் நுட்பத்தின் உச்சமாகக் கருதப்பட்டது.

இக்கதையில் பலரும் கவனியாது கடக்கும் ஒன்று உண்டு: இரு விருந்துகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. முதல் விருந்தில் இனிப்பின் தோற்றத்துக்குள் இறைச்சி ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் இறைச்சியின் தோற்றத்துக்குள் சர்க்கரை ஒளிந்திருக்கிறது. அரசரும் இளவரசரும் ஒரே வகை உணவை உண்பவர்கள். சமநிலையில் ஒருவரையொருவர் சீண்டக்கூடியவர்கள். ஆகவே இரண்டுமே அவர்களுக்கு விளையாட்டு. ஆனால் விதவிதமான உணவு விலக்குகளோடு வாழும் ஒரு சமூகத்தில் முதல் ஏமாற்று, விளையாட்டாக நீடிக்க முடியாது.

அடுத்த ஆண்டே அதற்குச் சான்று கிடைக்கிறது. 1857-இன் தொடக்க மாதங்களில் வட இந்தியாவில், பசுவின் எலும்பும் பன்றியின் எலும்பும் பொடியாக்கப்பட்டுக் கோதுமை மாவில் கலக்கப்படுகின்றன என்ற வதந்தி பரவியது. துப்பாக்கித் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிப் பாடநூல்கள் பேசுமளவுக்கு இம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை. அவ்வதந்தி மெய்யா என்பதைவிட, அது ஏன் நம்பப்பட்டது என்பதே வரலாற்றாய்வின் கேள்வி. தோற்றத்துக்கும் உட்பொருளுக்கும் இடையிலான இடைவெளி, நம்பிக்கை உள்ள இடத்தில் சிரிப்பைத் தருகிறது. நம்பிக்கை அற்ற ஆட்சியின்கீழ் அதே இடைவெளி அச்சமாகிறது.

இரண்டாவது திசைக்கு இந்த இடர் இல்லை. அதனால்தான் அது அரண்மனைக்கு வெளியேயும் வாழ்ந்தது. வங்கத்துத் திருமணங்களில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர்வரிசைகளில், அச்சில் வார்த்த மீன் வடிவச் சந்தேஷ் இன்றும் இடம்பெறுகிறது. மங்கலத்தின் அடையாளமான மீன் அங்கே உருவமாக மட்டும் இருக்கிறது. உட்பொருள் பால்திரளும் சர்க்கரையுமே.

பர்கர் கேக்கும் இவ்வழியில் வருவதே. போலி உணவு வெற்றிபெற, மூல உணவின் உருவம் காண்பவர் அனைவர்க்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவத்தில் அந்த இடத்தைக் குருமாவும் புலாவும் வகித்தன. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் தில்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்த பின், எந்த ஊரிலும் ஒரே உருவில் கிடைக்கும் பர்கர் அந்த இடத்தைப் பெறத் தொடங்கியது. இறைச்சியைத் தொடாத வீட்டிலும் இறைச்சி வட்டின் உருவத்தை வெட்டி மகிழ முடிகிறது; உருவம் எவருடைய விலக்கையும் மீறுவதில்லை.

எனினும் பழைய ஐயம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. நம் நாட்டின் உணவுச் சட்டம் முட்டையை அசைவமாக வகைப்படுத்துகிறது. ஆகவே பொதியுணவின் உறையில் பச்சைக் குறியா, பழுப்புக் குறியா என்பதை முட்டையும் முடிவு செய்கிறது. பர்கர் கேக்கை வாங்க வருபவர், அது இறைச்சியா என்று கேட்பதில்லை, 'முட்டை உண்டா?' என்றே கேட்கிறார். கண்ணை ஏமாற்றும் பர்கரைக் கத்தி அம்பலப்படுத்திவிடும். மாவில் கரைந்த முட்டையை எந்தக் கத்தியும் காட்டாது. அங்கே கடைக்காரரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

உணவு வரலாற்றில் ஈடுபடும் மாணவர்கள், போலி உணவைக் காணும்போது அதன் செய்திறனை வியப்பதோடு நில்லாமல், எது எதற்குள் ஒளிக்கப்படுகிறது, ஏமாற்றப்படுபவர் சிரிக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்ற இரு கேள்விகளையும் எழுப்ப வேண்டும். லக்னோ விருந்தையும் 1857-இன் மாவையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகப் படிக்க அவை வழிசெய்யும்.