லெல்லா லொம்பார்டியின் அரைப் புள்ளி

நாம் படித்த காலத்தில் அரை மார்க்குக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. முப்பத்து நாலரை வாங்கினால் ஃபெயில், முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் வரலாற்றிலும் அப்படி ஓர் அரைப் புள்ளி இருக்கிறது. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்கள் 1950இல் தொடங்கின. அன்று முதல் இன்று வரை பெண்கள் வாங்கியிருக்கும் புள்ளிகளை எல்லாம் கூட்டினால் வருவது அந்த அரைதான். வாங்கியவர் இத்தாலியைச் சேர்ந்த லெல்லா லொம்பார்டி. முழுப் பெயர் மரியா கிராசியா லொம்பார்டி.

வட இத்தாலியில் பியத்மான்த் பகுதியில் ஃப்ருகரோலோ என்று ஒரு சிற்றூர். 1941 மார்ச் 26ஆம் தேதி அங்கே பிறந்தார். அப்பாவுக்கு இறைச்சிக் கடை. கடையிலிருந்து சரக்குக் கொண்டுபோகும் வேனை ஓட்டித்தான் அந்தப் பெண்ணுக்கு ஸ்டியரிங் பழகியது. பந்தயக் காரோட்டிகளில் பெரும்பாலோர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். அந்த வரிசையில் கறிக்கடைக்காரர் மகள் வந்து நிற்பது லேசான காரியமில்லை. சின்னச் சின்னப் பந்தயங்களில் தொடங்கி, 1970இல் ஃபார்முலா 850 பிரிவில் இத்தாலிய சாம்பியன் ஆனார். 1974இல் இங்கிலாந்து போய், பெரிய வி8 எஞ்சின் வைத்த ஃபார்முலா 5000 கார்களை ஓட்டி நல்ல பெயர் எடுத்தார்.

அதே வருஷம் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீக்குப் பெயர் கொடுத்தார். காரின் எண் 208. லக்ஸம்பர்க் வானொலி ஒலிபரப்பான அலைவரிசை அது, விளம்பரத்துக்காக அந்த எண்ணையே போட்டார்கள். நம் வயதுக்காரர்களில் ஷார்ட் வேவ், மீடியம் வேவ் என்று திருகியவர்களுக்கு இது ரசிக்கும். ஆனால் தகுதிச் சுற்றில் நேரம் போதவில்லை, பந்தயத்தில் இடம் கிடைக்கவில்லை.

1975இல் மார்ச் என்ற ஆங்கிலேய அணியில் சேர்ந்தார். லவாட்ஸா காபிக் கம்பெனியின் விளம்பரப் பணம் உதவியது. தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் அவர் பந்தயத்தில் இறங்கியபோது, ஃபார்முலா ஒன்னில் ஒரு பெண் ஓட்டிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் ஓட்டியவரும் ஓர் இத்தாலியப் பெண்மணிதான். மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ், 1958இல்.

அரைப் புள்ளி வந்தது அந்த வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில். அங்கே மோன்ட்ஜூயிக் என்ற குன்றின் மேல், பூங்கா வழியாகப் போகும் சாதாரண சாலைகள்தான் பந்தயப் பாதை. ஓரத்தில் இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஓட்டுநர்கள் வந்து பார்த்தால் பல இடங்களில் போல்ட் சரியாக முடுக்கவே இல்லை. இப்படி இருந்தால் ஓட்ட மாட்டோம் என்று பயிற்சியைப் புறக்கணித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் அசையவில்லை. காரைப் பறிமுதல் செய்வோம் என்றுகூட மிரட்டல் வந்தது. கடைசியில் அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்த் தங்களால் ஆனமட்டும் முடுக்கினார்கள். முந்தைய வருஷ உலகச் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி மட்டும் பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் விலகினார். மற்றவர்கள் ஓட்டினார்கள்.

26ஆவது சுற்றில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த ரோல்ஃப் ஸ்டொமெலனின் காரில் பின் இறக்கை முறிந்தது. கார் தடுப்பில் மோதி, எதிர்ப்பக்கம் பாய்ந்து, தடுப்புக்கு மேலேயே போய் விழுந்தது. அங்கே நின்றவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். ஸ்டொமெலன் பலத்த காயத்தோடு பிழைத்தார். விபத்துக்கு நேர்க் காரணம் முறிந்த இறக்கைதான், தளர்ந்த போல்ட் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் பாதை பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று ஓட்டுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னார்களே, அதைக் கேட்க ஆள் இல்லை. ஃபார்முலா ஒன் அதற்குப் பிறகு மோன்ட்ஜூயிக் பக்கமே போகவில்லை.

75 சுற்று ஓட வேண்டிய பந்தயத்தை 29ஆவது சுற்றோடு நிறுத்தினார்கள். யோகன் மாஸ் முதலிடம். ஆறாவது இடத்தில் லெல்லா. அன்றைய கணக்கில் முதல் ஆறு பேருக்கு 9, 6, 4, 3, 2, 1 என்று புள்ளி. பாதித் தூரம்கூட ஓடாததால் எல்லோருக்கும் பாதிதான் கொடுத்தார்கள். ஆறாவது ஆளுக்கு ஒன்றில் பாதி. அரைப் புள்ளி வந்த கதை இதுதான். சாவு விழுந்த இடத்தில் மாலை போட்டுக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் புள்ளிக்காக அல்ல. அவர் ஓட்டிய காருக்காக.

அந்த சீஸன் பூராவும் லெல்லா தன் அணியிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வளைவுகளில் கார் சரியாக நடந்துகொள்வதில்லை, பின்பக்கத்தில் என்னவோ கோளாறு என்று. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே அணியில் விட்டோரியோ பிரம்பில்லா வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்திரியாவில் கொட்டும் மழையில் ஜெயித்தே விட்டார். கார் நல்ல கார்தான், ஓட்டுகிறவருக்குத்தான் போதவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர் வரும் அந்தப் பாதையில், லெல்லா அதே காரை வைத்துக்கொண்டு ஏழாவதாக வந்தார்.

1976இல் முதல் பந்தயம் முடிந்ததும் அவரை எடுத்துவிட்டு ஸ்வீடன்காரர் ரோனி பீட்டர்சனைக் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தின் மிக வேகமான ஓட்டுநர்களில் ஒருவர். லெல்லா ஓட்டிய காரை அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, லெல்லா சொன்ன அதே குறையைச் சொன்னார். இந்தத் தடவை காரைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பக்கத்துச் சட்டத்தைத் தாங்கும் வார்ப்பில் விரிசல்!

நான் வேலை பார்த்தது பஸ் பணிமனையில். ராத்திரி வண்டியைக் கொண்டுவந்து விடும் டிரைவர், குறை எழுதும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். 'பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது' என்று இருக்கும். ஷெட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் சொல்வார்: "டிரைவர் எழுதினா முதல்ல வண்டியப் பாருப்பா, அப்புறம் டிரைவரப் பாரு." எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் கைக்குத் தெரிவது, ஐந்து நிமிஷம் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாது. மார்ச் அணியில் இருந்தவர்கள் நம்மைவிடப் பெரிய எஞ்சினியர்கள். அவர்கள் முதலில் பார்த்தது ஓட்டுநரை.

விரிசல் இல்லாத கார் இருந்திருந்தால் லெல்லா உலகச் சாம்பியன் ஆகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை புள்ளி வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கொடுக்கப்படவில்லை, அதுதான் வருத்தம்.

அதன் பிறகு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1976 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பன்னிரண்டாவதாக வந்ததோடு ஃபார்முலா ஒன் முடிந்தது. மொத்தம் 12 பந்தயங்கள். பிறகு நீண்டதூர ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களுக்குப் போனார். இரண்டு பேர் மாற்றி மாற்றி மணிக்கணக்கில் ஓட்டுவது அது. 1979இல் பெர்குசாவிலும் வல்லெலுங்காவிலும், 1981இல் முஜெல்லோவிலும் ஒஸெல்லா காரில், ஆண் ஓட்டுநரோடு ஜோடி சேர்ந்து ஆறு மணி நேரப் பந்தயங்களை ஜெயித்தார். அமெரிக்கா போய் டேட்டோனாவில் ஓட்டினார். எண்பதுகளில் ஆல்ஃபா ரோமியோ காரில் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயங்கள். கடைசியில் சொந்தமாக ஒரு பந்தய அணியையே தொடங்கினார். சரியான வண்டியும் நம்பிக்கையும் கொடுத்தால் அந்தக் கைகளால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1992 மார்ச் 3ஆம் தேதி மிலான் நகரில் புற்றுநோயால் காலமானார். ஐம்பத்தொன்று நிறைய நான்கு வாரம்கூட இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கயலாமியில் அந்த வருஷத்தின் முதல் பந்தயம் நடந்தது. ஜொவான்னா அமாத்தி என்ற இன்னொரு இத்தாலியப் பெண் அங்கே பெயர் கொடுத்து, தகுதிச் சுற்றில் தேறாமல் நின்றுபோனார். அடுத்த இரண்டு பந்தயங்களிலும் அப்படியே. பிறகு அவரையும் மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் ஒரு பெண் ஓட்டியதில்லை.

உங்கள் வீட்டில் பேத்தி யாராவது டி.வி.யில் கார் பந்தயம் பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அரைப் புள்ளியோடு நிறுத்திவிடாமல், அந்த விரிசலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.