கைச்சக்கரமும் மோட்டாரும்

ஹைதராபாத் நகரின் பாலாநகர்ப் பகுதியில், சிறு பட்டறைகள் நெருங்கியுள்ள தெருக்களின் வழியே சென்றால், ஏறக்குறைய ஒவ்வொரு கதவின் பின்னும் இரும்பு அறுபடும் ஓசை கேட்கும். அத்தகைய பட்டறை ஒன்றில் நாம் ஒருநாள் நெடுநேரம் நின்றுவிட்டோம். அங்கே பழைய மில்லிங் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பற்கள் அமைந்த வெட்டுக்கருவி மோட்டாரின் வலிமையால் சுழன்றது. அதன்கீழ் இருந்த மேஜையில் இரும்புத் துண்டு ஒன்று இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. நடுவயதைக் கடந்த தொழிலாளி ஒருவர், மேஜையின் ஓரத்திலிருந்த கைச்சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றி, அத்துண்டை வெட்டுக்கருவிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். காலை முதல் மாலை வரை அவருக்கு அதுவே பணி. வெட்டுவது மின்சாரம், ஊட்டுவதோ மனிதனின் தோள்.

இந்த ஊட்டத்தைப் பட்டறை வழக்கில் 'ஃபீட்' என்பர். அதனையும் மோட்டாரிடமே ஒப்படைத்துவிடலாகாதா என்ற கேள்வி எளியது. அதற்கு விடை காண மனிதன் நடந்த வழி நெடியது. அவ்வழியின் சில கட்டங்களை இங்கே காண்போம்.

ஊட்டத்துக்கு இத்துணைச் சிறப்பு ஏன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். மேஜை மிக விரைந்து நகர்ந்தால் வெட்டுக்கருவியின் பல் ஒடியும். மிக மெதுவாக நகர்ந்தால், பல் இரும்பை வெட்டாது உராய்ந்து, சூடேறி மழுங்கும். விட்டுவிட்டு நகர்ந்தால் பரப்பில் வரிவரியாகத் தடம் விழும். தேர்ந்த தொழிலாளியின் கை இம்மூன்று குற்றங்களையும் தவிர்க்கிறது. ஆனால் கை களைப்படையும் இயல்பினது. முற்பகலில் வெட்டிய துண்டின் வழவழப்பு பிற்பகலில் வெட்டியதில் அமைவதில்லை.

1800-ஆம் ஆண்டையொட்டி, லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்னும் பொறிஞர் தமது கடைசல் இயந்திரத்தில் ஒரு பெருமாறுதலைச் செய்து காட்டினார். உளியைக் கையில் பிடியாமல் ஒரு தாங்கியில் பொருத்தினார். அத்தாங்கியை நீண்ட திருகுத்தண்டு ஒன்றினால் நகரச் செய்தார். அத்தண்டையும் சுழலும் அச்சையும் பற்சக்கரங்களால் இணைத்தார். கையின் நிதானம் அன்று முதல் பற்களின் எண்ணிக்கையாக மாறிற்று. 1862-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜோசப் பிரவுன் என்பார் பல்வகை வேலைக்கும் ஏற்ற மில்லிங் இயந்திரத்தை அமைத்தார். பழைய மில்லிங் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் மேஜையின் ஓட்டம் வெட்டுக்கருவியின் அச்சிலிருந்தே பெறப்பட்டது. ஆகவே ஒன்றன் வேகத்தை மாற்றினால் மற்றதன் வேகமும் மாறியது. மேஜைக்கெனத் தனிப் பற்சக்கரப் பெட்டியும் தனி மோட்டாரும் பிற்காலத்தில் வந்தவையே.

நம் நாட்டில் இத்தொழில் வேரூன்றிய இடங்களுள் ஹைதராபாத்தும் ஒன்று. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் செகந்திராபாத்தில் பிராகா டூல்ஸ் நிறுவனம் தோன்றியது. 1953-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1960-களில் இந்நகரிலும் ஒரு தொழிற்சாலையை அமைத்தது. 1968-இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு பாலாநகரில் மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் உருவாயிற்று. மோட்டாரைப் பொறுத்தவரை தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது, 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கியதே ஆகும்.

பெரிய ஆலையில் உள்ள புதிய இயந்திரத்தில் தானே நகரும் மேஜை இருக்கும். சிறு பட்டறைக்காரர் வாங்கும் பழைய இயந்திரத்தில் அது பெரும்பாலும் இராது. ஆகவே அவர் தாமே அதனைச் செய்துகொள்ள முனைகிறார். இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நான்கு பற்கள் உள்ள வெட்டுக்கருவி நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது. ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் ஊட்டத்தை ஏற்கிறது எனக் கொள்வோம். மேஜை நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் நகரவேண்டும். திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு மேஜையை 5 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், அத்தண்டு நிமிடத்துக்கு 12 முறை சுற்றினால் போதும். சாதாரண மோட்டாரோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 முறை சுற்றுகிறது. அதன் வேகத்தை 120-இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும்! இதனால்தான் பட்டறைக்காரர்கள் பழைய மோட்டார் வண்டிகளின் கண்ணாடி துடைக்கும் மோட்டாரைத் தேடிச் செல்கின்றனர். வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள் அதனுள்ளேயே அமைந்துள்ளன.

அவ்வளவோடு வேலை முடிவதில்லை. மேஜை எல்லையை அடையுமுன் மின்னோட்டத்தைத் தானே நிறுத்தும் விசை வேண்டும். வேண்டும்போது மோட்டாரை விலக்கிக் கைச்சக்கரத்தைப் பயன்படுத்த ஓர் இணைப்பும் வேண்டும். ஆகவே செய்பவரின் திறமை மோட்டாருக்கு வலிமை தேடுவதில் இல்லை. அதற்கு அளவையும் அடக்கத்தையும் கற்பிப்பதில் உள்ளது.

இதே கேள்வி இரும்போடு தொடர்பற்ற ஒரு நெசவாளர் வீட்டிலும் எழுந்தது. ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் செல்லும் வழியில் ஆலேர் என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்த சாரஜிப்பேட்டையில் பிறந்தவர் சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளிப் பட்டுச் சேலையில் நூலை நெய்வதற்கு முன்னரே முடிந்து சாயம் ஏற்றுவர். அதற்கு முன்னோடியாக, அரைவட்டமாக நிறுத்திய முளைகளின்மேல் நூலைச் சுற்றவேண்டும். இவ்வேலைக்கு 'ஆசு' என்று பெயர். ஒரு சேலைக்கு ஏறக்குறைய 9000 முறை கை மேலும் கீழும் சென்று வரவேண்டும். மல்லேசத்தின் தாயார் இலட்சுமி அம்மையாருக்கு இவ்வேலையால் தோளும் முழங்கையும் ஓயாது வலித்தன. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்மகன், 1992-இல் அதற்கு ஒரு பொறி செய்யத் தொடங்கினார்.

இங்கேயும் சிக்கல் வலிமையைப் பற்றியதன்று. நூலைச் சுற்றச் செய்தல் எளிது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அடுத்த முளைக்குத் தவறாமல் நகர்த்துவதே அரிது. கடன்பட்டும், பிறரின் ஏளனத்தைத் தாங்கியும், ஒவ்வோர் அசைவாக அவர் அமைத்து வந்தார். பின்னர்ப் பிழைப்பை நாடி ஹைதராபாத்துக்கு வந்தார். பாலாநகரில் ஓர் ஆலைக்கு வேலையாகச் சென்றபோது, அங்கிருந்த இயந்திரம் ஒன்றின் அசைவு அவர் கண்ணில் பட்டது. பல ஆண்டுகளாகத் தாம் தேடியது அதுவே என உணர்ந்து, அக்கருத்தைத் தம் பொறியில் பொருத்தினார். 1999-இல் பொறி முழுமை பெற்றது. கையால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தாயாரின் பெயரால் 'இலட்சுமி ஆசு' என வழங்கும் அப்பொறிக்காக 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பொறி வந்தால் கைக்கு வேலை போய்விடுமே என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் காரணமற்றது என நாம் கூறமாட்டோம். ஆயினும் 9000 முறை ஏறி இறங்கிய தோளிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

சில திங்கள் கழித்து நாம் அப்பட்டறைக்கு மீண்டும் சென்றிருந்தோம். மேஜையின் ஓரத்தில் சிறு மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதே தொழிலாளி அருகில் நின்று, முன்பு வெட்டிய துண்டுகளை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை எல்லையை நெருங்கியபோது அவருடைய வலக்கை பழக்கத்தால் கைச்சக்கரத்தை நோக்கி எழுந்தது. விசை தட்டியது, மேஜை நின்றது. கையை இறக்கிக்கொண்டு அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.