மடிக்கணினித் திரை மாற்றல்

மடிக்கணினித் திரை மாற்றல் என்பது உடைந்த திரையை அகற்றிவிட்டு, புதிய திரையையோ, பழுதான வேறொரு மடிக்கணினியிலிருந்து கழற்றப்பட்ட திரையையோ பொருத்தும் பழுதுநீக்க முறை ஆகும். சென்னையில் இதற்குரிய உதிரிப்பாகங்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் விற்கப்படுகின்றன. தீப்பெட்டி ஆலையால் பெயர்பெற்ற விம்கோ நகரிலிருந்து 2021 முதல் மெட்ரோ தொடர்வண்டியில் அரசினர் தோட்டம் நிலையம் வரை சென்று இத்தெருவை அடையலாம்.

திரையைத் தேர்ந்தெடுக்க மடிக்கணினியின் நிறுவனப் பெயர் பெரிதும் உதவாது. ஒரே வகைக் கணினியில் எல்ஜி, சாம்சங், ஏயூ ஆப்ட்ரானிக்சு எனப் பல நிறுவனத் திரைகள் இருக்கக்கூடும். உடைந்த திரையின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டின் எண்ணே வழிகாட்டி. எடுத்துக்காட்டாக, எல்பி156 எனத் தொடங்கும் எண் எல்ஜியின் 15.6 அங்குலத் திரையைக் குறிக்கும். அளவு, படப்புள்ளிகள், இணைப்பி, திருகுத் துளைகள் ஆகியவை ஒத்திருந்தால் வேறு நிறுவனத் திரையும் இயங்கும்.

இணைப்பியில்தான் பலர் தவறுகின்றனர். குழல்விளக்குப் பின்னொளி கொண்ட பழைய திரைகள் பலவற்றிலும், பின்னர் வந்த எல்இடி திரைகள் பலவற்றிலும் 30 ஊசிகள் உண்டு; ஆயினும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பொருத்த இயலாது. பழைய வகையின் குழலில் பாதரசம் உள்ளதால், உடைந்ததை வெறுங்கையால் தொடலாகாது.

கழற்றிய திரையை வாங்குமுன் கடையிலேயே ஒளிரச்செய்து, வெண்மை, கருமை ஆகிய இரு பின்னணிகளிலும் பார்ப்பது நன்று. கருமையில் அழுத்தத் தடங்களும், வெண்மையில் செயலிழந்த புள்ளிகளும் புலப்படும்.

பொருத்துமுன் மின்கலத்தைத் துண்டித்தல் இன்றியமையாதது. மின்சாரம் இருக்கையில் இணைப்பியைக் கோணலாகச் செருகினால், தாய்ப்பலகையிலுள்ள பின்னொளி உருகி எரியக்கூடும். அதன்பின் நல்ல திரையும் இருண்டே காணப்படும்.