ஆட்டுக்கொல்லி நோய்: டி செல்களை ஒடுக்கும் வைரஸின் வரலாறு

ஆட்டுக்கொல்லி நோய் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் தாக்கும் வைரஸ் நோய். மனிதருக்கு வரும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், மாடுகளை வாரிக்கொண்டு போய் இப்போது உலகை விட்டே ஒழிந்த வெக்கை நோய் ஆகியவற்றை உண்டாக்கும் மார்பிலி வைரஸ் இனத்தைச் சேர்ந்தது இதன் கிருமி. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், பிறகு நுரையீரல் அழற்சி என்பது இதன் போக்கு. இந்த இனத்து வைரஸ்கள் நோய் எதிர்ப்பின் நடுத்தூணான டி செல்களை ஒடுக்கிவிடுகின்றன. அந்த ஒடுக்கத்தை நோயின் பல விளைவுகளில் ஒன்றாகக் கருதுவதுண்டு. மற்ற விளைவுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பதைத்தான் இந்நோயின் வரலாறு காட்டுகிறது. காவிரிப் படுகை போன்ற நிலத்தில் தடுப்பு முறையும் இந்த உண்மையின் மேல்தான் அமைய வேண்டும்.

படுகையும் கிடையும்

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு வருவது நெடுங்கால வழக்கம். இரவில் ஆடுகள் அடைபடும் தாளடி நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரமாகின்றன. கிடை போட்டவருக்கு நெல்லோ பணமோ கூலியாகக் கிடைக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிக் குறுவை வேலை தொடங்கும்வரை இந்தப் போக்குவரத்து நீடிக்கும். ஆட்டுக்கொல்லி வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்றாலும் மூக்கு, வாய் ஒழுக்காலும் நெருங்கி நிற்கும் ஆடுகளுக்குள் பரவுவது. பல ஊர் மந்தைகள் அடுத்தடுத்த வயல்களில் அடைபட்டு, ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் இந்த ஏற்பாடு அதற்கு வாய்ப்பானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இப்பகுதி ஆடுகளுக்கு ஈரல் புழுவும் குடற்புழுவும் சளிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்கின்றன. இத்தனை காரணங்களுக்கு நடுவே ஓர் ஆடு எதனால் செத்தது என்று சொல்வது எளிதன்று. வைரஸின் பங்கு நெடுநாள் கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டறிந்த வரலாறு

வைரஸ் எதிர்ப்பாற்றலை அடக்கும் என்பதற்கு முதல் சான்று 1908இல் வியன்னாவில் கிடைத்தது. காசநோய்க் கிருமி முன்பே உடலில் புகுந்த குழந்தைகளுக்கு டியூபர்குலின் ஊசி போட்டால் அந்த இடத்தில் தோல் தடிக்கும். தட்டம்மை கண்ட சில நாட்களுக்கு அந்தத் தடிப்பு வருவதில்லை என்பதைக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே கவனித்தார். தடிப்பை உண்டாக்குபவை டி செல்கள் என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியின் பணியை ஜாக் மில்லர் 1961இல் வெளிப்படுத்திய பிறகே பிர்க்கே கண்டதன் பொருள் மெல்ல விளங்கியது. வெக்கை கண்ட மாட்டின் உடலில் அதுவரை அடங்கிக் கிடந்த ரத்த ஒட்டுண்ணிகள் கிளர்ந்தெழுவதைக் கால்நடை மருத்துவர்களும் அறிந்திருந்தார்கள். இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய் தனி நோயாக முதலில் விவரிக்கப்பட்டது 1942இல், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில். இந்தியாவில் அது உறுதியானது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறியாடுகளிடம். அதற்கு முன் இங்கே ஆடுகளுக்கு இந்த அறிகுறிகள் வந்தபோது, அவற்றுள் சிலவாவது வெக்கை நோயின் கணக்கில் எழுதப்பட்டிருக்கக்கூடும். இரண்டு வைரஸ்களுக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு. வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியதும் தமிழ்நாட்டில்தான், 1995இல் வட ஆற்காட்டுப் பகுதியில். 2011இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாட்டின் நோய் விலகிய பிறகு ஆட்டின் நோய் தெளிவாகத் தெரியத் தொடங்கியது.

ஒடுக்கும் விதம்

இந்த வைரஸ்கள் உடலுக்குள் நுழையப் பற்றும் கொழுகொம்பு, தூண்டப்பட்ட டி செல், பி செல் முதலியவற்றின் மேல் இருக்கும் ஸ்லாம் என்னும் புரதம். தட்டம்மை வைரஸுக்கு இதுவே வாசல் என்று 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆட்டுக்கொல்லி வைரஸும் அதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே எதிர்க்க வேண்டிய செல்லே முதல் இரையாகிறது. நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடலை ஒட்டிய நிணத்திசு ஆகியவற்றில் வைரஸ் பெருகி அங்குள்ள செல்களை அழிக்கிறது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிகின்றன. தப்பிய டி செல்களும் முழுதாக வேலை செய்வதில்லை. வைரஸின் மேற்புரதங்கள் பட்ட மாத்திரத்தில் அவை தூண்டினாலும் பிளவுபட்டுப் பெருக மறுப்பதைச் சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். கிடைக்குள் புகுந்த நரி முதலில் காவல் நாயைக் கடித்துக் கொல்வதற்கு ஒப்பானது இது. அதன் பிறகு பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் தடையின்றி நுழைகின்றன. இறந்த ஆட்டை அறுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த நுரையீரல்தான்.

எச்.ஐ.வி.யோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது தெரிந்தது. அதுவும் டி செல்லையே தாக்குகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில், மெதுவாக, மருந்தின்றி மீளாமல். ஆட்டுக்கொல்லி சில வாரங்களில் தன் வேலையை முடித்துவிடும். உடல் மீளலாம், மீள்வதற்குள் வேறொரு கிருமி உயிரை எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. நோயாளிகள் பலரின் உயிரைக் குடித்தது காசநோய் என்பது இதே உறவின் மனித வடிவம்.

மறுப்புகளும் விடைகளும்

எதிர்ப்பாற்றலை அழிக்கும் நோயிலிருந்து பிழைத்த ஆடு மறுபடி அந்நோய்க்கு ஆளாவதில்லையே, இது முரண் அல்லவா என்று கேட்கலாம். முரண் இல்லை. வைரஸ் அழிப்பது பெரும்பாலும் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களை. அதே வேளையில் இந்த வைரஸையே குறிவைக்கும் புதிய செல்கள் பெருகிவிடுகின்றன. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. தட்டம்மைக்குப் பிறகு மற்ற நோய்களுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போயிருந்தன. மனிதரிடம் அளந்த இந்த எண்களை ஆட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு நினைவு பிறக்கும்போதே மற்றவை அழியக்கூடும் என்பதற்கு அவை போதிய சான்று.

படுகையில் ஆடு சாவது மழையாலும் புழுவாலும்தான் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. நீலநாக்கு நோயும் மழையை ஒட்டியே வருகிறது. ஆனால் புழுவோடும் ஈரத்தோடும் ஆண்டுதோறும் காலம் தள்ளும் மந்தை, திடீரென ஒரே வாரத்தில் காய்ச்சலும் கழிச்சலுமாகச் சாயும்போது புழுவை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. எதிர்ப்பாற்றல் சரிந்ததால்தான் பழைய பகை உயிர்ப்பகையாகிறது. ஆன்டிபயாடிக் ஊசி பாக்டீரியாவை அடக்கும், சில ஆடுகளைக் காப்பாற்றவும் செய்யும்; சரிந்த டி செல்லை அது நிமிர்த்தாது.

உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசியும் எதிர்ப்பாற்றலைக் குறைக்காதா என்பது மூன்றாவது ஐயம். வீரியம் குறைத்த தடுப்பூசி வைரஸால் வெள்ளாடுகளுக்குச் சிறிது காலம் வெள்ளையணுக்கள் குறைந்தன; நோய் வைரஸ் உண்டாக்கும் ஒடுக்கம் ஏற்படவில்லை என்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன ஆய்வு 2005இல் காட்டியது. அரசூரில் எடுத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. ஒரே ஊசி பல ஆண்டுகளுக்குக் காப்பளிக்கும்.

தடுப்பின் தருக்கம்

2010-11இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. இந்நோயை 2030க்குள் ஒழிப்பது உலக அளவிலான இலக்கு. காவிரிப் படுகையில் அந்த இலக்கு ஊரில் நிலையாக இருக்கும் ஆடுகளோடு நின்றுவிடக் கூடாது. ஊர்விட்டு ஊர் நகரும் கிடை மந்தைகளையும் எட்ட வேண்டும். அவை தெற்கிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். டி செல் சரிந்த பிறகு தரும் மருந்துகள் பின்னால் வந்த கிருமியோடு மட்டுமே போராடுகின்றன. அந்தச் சரிவே நேராமல் தடுப்பது தடுப்பூசி ஒன்றுதான்.