தஞ்சையில் மராத்தியும் ஹடப்சரில் தமிழும்

வீட்டில் தமிழ், வீதியில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என நம் ஹடப்சர்ப் பிள்ளைகள் மும்மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். இதனால் தாய்மொழி தேய்ந்துவிடுமோ எனப் பெற்றோர் கவலுதல் இயல்பே. அக்கவலைக்குச் சரித்திரம் நல்லதொரு விடை கூறுகின்றது.

நாம் தெற்கிலிருந்து இங்கு வருமுன்னரே, மராத்தியர் இங்கிருந்து தெற்கே சென்று குடியேறினர். புனேயை ஜாகீராகப் பெற்றிருந்த ஷாஜியின் மைந்தரும் சிவாஜியின் இளவலுமான வெங்கோஜி, 1676-இல் தஞ்சையில் அரசு நிறுவினார். அவ்வரியணையில் 1798 முதல் 1832 வரை வீற்றிருந்தவர் இரண்டாம் சரபோஜி. மராத்தி அரண்மனையில், தமிழ் மக்கள் சூழ வளர்ந்த அவர், ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் பொறுப்பில் இளமையிலேயே ஆங்கிலம் பயின்றார். 1798-இல் மறைந்த அவ்வாசிரியரின் கல்லறைக்கு ஆங்கிலத்திலேயே கவிதை இயற்றினார்.

ஆயினும் அவர் மராத்தியை மறந்தாரல்லர். 1803-இல் பெரிய கோயிற் சுவரில் தம் குல வரலாற்றை மராத்தியில் பொறிப்பித்தார். 1805-இல் அச்சகம் நிறுவி, ஈசாப்புக் கதைகளை மராத்தியில் அச்சிடுவித்தார். தமிழையும் போற்றி, சரபேந்திர வைத்திய முறைகள் எனும் மருத்துவ நூல்களைப் புலவர்களைக் கொண்டு தமிழில் இயற்றுவித்தார்.

1855-இல் அவ்வரசு மறைந்தது. எனினும் தஞ்சை மராத்தியர் பலர் வீடுகளில் அவர்தம் மொழி இன்றும் வழங்குகின்றது. அரசின் ஆதரவு நீங்கிய பின்னரும் வீட்டுப் பேச்சினாலேயே அது நிலைத்தது.

ஆகவே ஆங்கிலப் பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. மராத்தியை ஒதுக்கவும் வேண்டா. அலுவல் முடித்து வீடு திரும்பும் தந்தையிடம் பிள்ளை எம்மொழியில் வினவினும், விடை தமிழில் வரட்டும்.